படுகளத்து மண்

எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கம். பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் படுகளம் வைப்பார்கள். துரியோதனனைப் பத்து ஆள் நீளத்துக்கு மண்ணால் செய்து படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடிப்பார். அடித்ததும் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் தானியம் குறையாது என்று கேழ்வரகுக் குதிரில் போடுவோம். எங்கள் வீட்டில் மூத்த மகன் அள்ளிக் கொடுக்க, அப்பா இரண்டு கையாலும் வாங்குவார்.

அந்த வருஷம் அண்ணன் ஊரில் இல்லை. ஏர் பிடிக்க மாட்டேன் என்று பெங்களூர் மில்லுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போகாதே என்று அப்பா சொன்னதை மீறித்தான் போனான். படுகளத்துக்கு வந்து மண் எடுத்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

படுகளத்துக்கு முந்தின நாள், பாரதம் படிக்கும் பிரசங்கியார் காந்தாரி கதை சொன்னார். கண்கட்டை அவிழ்த்து மகனைப் பார்த்தால், பார்த்த இடமெல்லாம் இரும்பாகும். உடம்பில் துணி இல்லாமல் வா என்று அவள் சொன்னாள். அவன் இடுப்பில் வாழையிலை கட்டிக்கொண்டு போனான். இலை மறைத்த தொடை மட்டும் இரும்பாகவில்லை. பீமன் அங்கேதான் அடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "பெத்தவங்க பேச்சைக் கேக்காத திமிரு. அதான் செத்தான்" என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "வளந்த புள்ள ஆத்தா முன்னாடி அம்மணமா நிப்பானா? வெக்கப்பட்டான். அதுக்குப் பேரு திமிரா?" என்றாள்.

பிரசங்கியாரைவிட உனக்குத் தெரியுமா என்று அப்பா கேட்டார். அவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒன்பது வயதில் எனக்கே தெரிந்தது.

காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய அண்ணனை நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப்போய் வலது கையைப் பிடித்தேன். இரண்டு விரல் இல்லை. மில்லில் மெஷின் இழுத்துக்கொண்டதாம். துண்டை எடுத்து அந்தக் கையில் சுற்றிக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. அப்பாகிட்ட சொல்லவே சொல்லாத."

சரி என்றேன்.

தொடை அடித்தாயிற்று. அண்ணன் கூட்டத்தில் புகுந்து மண் எடுத்து வந்தான். இடது கையால் நீட்டினான். ஏந்தியிருந்த இரண்டு கையையும் அப்பா இறக்கிவிட்டார்.

"அப்பனுக்கு எடது கையில நீட்டறியா? பட்டணத்துச் சோறு அவ்ளோ ஏறிடுச்சா?"

பக்கத்தில் நின்ற பங்காளிகள் சிரித்தார்கள். அண்ணன் மண்ணைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். அம்மா பின்னாலேயே ஓடினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பிறகு அவன் ஊருக்கு வரவே இல்லை. அப்பா செத்ததற்கும் வரவில்லை.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

படுகளத்தன்று சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்கண்ணன் ஒங்கிட்ட எதுனா சொன்னானா கண்ணு?"

இல்லை என்றேன். நன்றாக யோசித்துச் சொல் என்றார். மறுபடியும் இல்லை என்றேன். மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கிவிட்டது. அவர் வாளியைப் பிடித்தபடியே நின்றார். எதற்காகக் காத்து நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடப் போய்விட்டேன்.