கோண்டாவிலில் நின்ற மொறிஸ்

பெற்றோல் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்தில், பழைய மொறிஸ் மைனர் காரின் பொனற்றைத் தூக்கிவிட்டு, இரைந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் தலையை நீட்டியபடி நின்ற என் அக்காவின் விரல்களில் அந்த மணம்தான் இருந்தது. காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற "காபரேற்றர்" என்ற சாமானின் அடியில் ஒரு நட்டு உண்டு. இறுக்கினால் பெற்றோல் குறையும், இளக்கினால் கூடும். காரோடு வந்த கைநூலை வாசித்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் அதைப் பழகியிருந்தாள். எஞ்சின் இருமாமல் திணறாமல் சீராக இரைகிற இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்து நிறுத்துவாள்.

அப்பா கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்ததால் காரும் நாங்களும் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தோம். எழுபதுகளில் பெற்றோல் விலை ஏறியதிலிருந்து அவருக்கு ஒரே பல்லவி. "உது எண்ணெய் குடிக்குது" என்று சொல்லிக்கொண்டே நட்டை இறுக்கிவிடுவார். அவர் தோட்டத்துக்குப் போனதும் அக்கா இளக்கிவிடுவாள். எங்கள் ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேருக்குக் காரே இல்லை, ஆனால் காபரேற்றரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை.

அக்காவுக்கு வைத்தியப் படிப்பு படிக்க ஆசை. பட்டணத்தில் இரசாயனச் செய்முறைப் பரீட்சை நடந்த அன்று, பஸ்ஸில் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். எங்கள் வீட்டுப் பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா என்று மறுத்துவிட்டு, பெரியப்பா தானே காரை ஓட்ட வந்தார். குமர்ப்பிள்ளையோடு துணைக்குப் போகவேண்டும் என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றினார்கள். முதல்நாள் அக்கா சரிபார்த்து வைத்த நட்டை அவர் விடியவே எழும்பி மறுபடி இறுக்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

கோண்டாவில் வரமுன்னமே கார் இருமத் தொடங்கியது. எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிவிடுகிற சோக்கை இழுத்துப் பிடித்தால் பட்டணம் வரை ஓடும் என்று அக்கா சொன்னாள். சோக் இழுத்தால் எண்ணெய் போகும் என்றார் பெரியப்பா. சந்திக்குக் கிட்ட, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கார் நின்றேவிட்டது. அக்கா இறங்கிப் பொனற்றைத் தூக்கினாள்.

"பெரியப்பா, நட்டை இறுக்கிப்போட்டியள். ஒருக்கா இளக்கினால் சரி. நான் இளக்கிறன்."

"கையை எடு. சனம் பாக்குது."

அவள் கையை எடுத்தாள். கடைக்குள்ளிருந்து ஆம்பிளைகள் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு ஒருவர் நட்டைத் திருகினார், சைக்கிளை நிறுத்திவிட்டு இன்னொருவர் திருகினார், முகச்சவர நுரையைத் துடைத்தபடி ஓடிவந்த ஒருவரும் தன் பங்குக்குத் திருகினார். அத்தனை கைகளும் படலாம், என் அக்காவின் கை மட்டும் படக்கூடாது. ஒரு பஸ் வந்தது. அதில் ஏறுகிறோம் என்று நான் கெஞ்சினேன். இந்தா இப்ப ஸ்ராட் வந்துவிடும் என்று பெரியப்பா எங்களைத் தடுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸில்தான் எங்களை ஏறவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை மண்டபக் கதவு பூட்டியிருந்தது. அக்கா அங்கே அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் ஆத்திரத்தில்.

மத்தியானம் காரைக் கட்டியிழுத்து வந்து முற்றத்தில் விட்டார்கள். பெரியப்பா சாப்பிட்டுப் படுத்ததும், பரீட்சைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு அக்கா குனிந்து அந்த நட்டை இளக்கினாள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு எழும்பி வந்த பெரியப்பா, "நான் அப்பவே சொன்னனான், சூடு ஆறினால் ஸ்ராட் வருமெண்டு" என்றார். பிறகு ஊரில் உலவிய கதை வேறு: பொம்பிளைப்பிள்ளை கைவைத்த கார் நடுறோட்டில் படுத்துவிட்டதாம். அடுத்த வருடம் அக்காவுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள்.

போன ஆவணியில் அக்காவும் நானும் ஊருக்குப் போனோம். பெரியப்பா இல்லை, எங்கள் மொறிஸ் யுத்தத்தோடு போனது, கோண்டாவில் கடை நின்ற இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். காபரேற்றர் என்றால் என்னவென்று என் மகனுக்கே தெரியாது. உறவினர் கலியாணத்துக்கு, படம் எடுப்பதற்காக, பூச்சோடித்த ஒரு பழைய மொறிஸை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கோயில் வாசலில் அது இருமி இருமி நின்றது. ஓட்டிவந்த பெடியன் பொனற்றைத் தூக்க, அக்கா கிட்டப் போனாள்.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ, சேலை ஊத்தையாப்போம்" என்றான் அவன் மரியாதையாக.

நரைத்த தலையோடு அவள் தள்ளி வந்து என் பக்கத்தில் நின்றாள். "நட்டை இறுக்கிப்போட்டான்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.