மைனி சொன்ன வீடு

கதினா வெடித்தபோது மைனி என் கையைப் பிடித்து வயலுக்குள் இழுத்துப் போட்டாள். புதுக்கடைச் சந்தையில் கப்பலுக்குக் கொண்டுபோகப் புளியும் கருவாடும் வாங்கிவிட்டு, இருவரும் வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். எங்கோ ஒரு கோயிலில் கொடைத் திருவிழாவுக்கு வெடி போட்டார்கள். சேற்றில் முகம் புதைந்து கிடந்த மைனியின் முதுகு நடுங்கியது. "மைனி, அது கதினாயாக்கும்" என்றேன். "எனக்குத் தெரியும் பிள்ள. கைக்கும் காலுக்கும் தெரியல்லியே" என்றாள்.

மைனி என் கணவரின் அண்ணன் மனைவி. மலாயாவில் ரப்பர்த் தோட்டமொன்றில் அண்ணன் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. யுத்தம் முடிந்தும், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை நடந்து, மலாயாவில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட நிறையவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் வேலை பார்த்த என் கணவர், விடுமுறை முடிந்து திரும்பும்போது என்னையும் அழைத்துப்போக இருந்தார். "அவளுக்க பேச்சக் கேக்காத மக்கா. அவ பயந்து ஓடி வந்தவ" என்று மாமியார் என்னை எச்சரித்திருந்தார்.

அன்று வாய்க்காலில் சேலையை அலசிக்கொண்டே மைனி எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டத்து வீடு மேட்டின்மேல் தனியாக நின்றதாம். ஒரு நாள் அந்தியில் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு சிலர் வந்து அரிசி கேட்டார்கள். பயந்துபோய்க் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தாய் என்று மறுவாரம் பட்டாளத்துக்காரர்கள் வந்து அண்ணனை மிரட்டினார்கள். அதன்பின் யார் வந்து கதவைத் தட்டினாலும் பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மெத்தையால் மறைத்துவிட்டுத்தான் மைனி கதவைத் திறப்பாளாம். "வீடு தனிச்சு நிக்கப்பிடாது கேட்டியா. டவுனுல பாரு. நாம விளிச்சா நாலு பேருக்குக் கேக்கணும்" என்றாள்.

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். கணவரிடம் அதுவரை நிமிர்ந்துகூடப் பேசியிராத நான், டவுனில் வீடு பார்த்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்து வீடு பெரிது, சுற்றிலும் முள்வேலி போட்டிருக்கிறார்கள், டவுனில் ஒற்றை அறை, ஒரு முறிதான் கிடைக்கும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் அழவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. கடைசியில் அவர்தான் சம்மதித்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

டவுனில் ஒரு சீனர் மளிகைக்கடை மேல்மாடியில் எங்களுக்கு முறி கிடைத்தது. தும்மினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். முதலில் நன்றாகத் தூங்கினேன். பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அவர் தினமும் பஸ்ஸில் வேலைக்குத் தோட்டத்துக்குப் போகும் சாலை நெடுகிலும் இரண்டு பக்கமும் ரப்பர்க் காடு. பஸ்ஸை மறித்துச் சுடுவதெல்லாம் அந்தச் சாலையில்தான். எனக்கு வேண்டாமென்று நான் தள்ளிய பயத்தைத் தினமும் அவர் தலையில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் படியேறும் சத்தம் கேட்கும்வரை எனக்கு உலை வைக்கவும் கை வராது.

ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. கீழ்க்கடைச் சீனப்பெண் மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேச்சு எனக்கும் என் பேச்சு அவளுக்கும் புரியாது. விடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு போலீஸ் லாரியில் அவர் வந்து இறங்கினார். சாலைக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டு, முன்னால் போன பஸ்ஸுக்குத் தீ வைத்துவிட்டார்களாம். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இவர் இறங்கி ஓடி, வெகுநேரம் ஓடைக்குள் கிடந்திருக்கிறார். அவர் சட்டையை நான்தான் கழற்றினேன். கழற்றிக்கொண்டே, தோட்டத்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

"உனக்குப் பயம் இல்லியா?"

"பயந்தான். அங்கன ஆனா ரெண்டு பேரும் ஒரே இடத்துல பயந்துட்டு இருக்கலாம்."

அப்படித்தான் இருந்தோம். முள்வேலிக்குள், நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு. எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அண்ணனும் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். பின்னர் நான் விடுமுறையில் வந்தபோது, மைனி வருத்தப்படுவாளோ என்று தயங்கித் தயங்கித்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் வீட்டுக்குள்ளதான இருந்தேன். எனக்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயி வந்த வழிய நான் கண்டதில்ல" என்றாள். அதன்பின் அவள் என்னிடம் மலாயாவைப் பற்றிப் பேச்செடுத்ததே இல்லை.

மைனி இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன் அவள் பேரன் மனைவியோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகப் புறப்பட்டான். செல்போனில் இரண்டு வீடுகளின் படங்களைக் காட்டி, எதை எடுக்கலாம் சொல்லுங்கள் என்றான். ஒன்றில் பெரிய தோட்டம், மற்றதில் அழகான அடுக்களை. நான் படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. "வேலைக்குப் போற வழி எப்படி மக்கா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். முதலில் வழியைச் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.