பன்னிரண்டு கண்ணாடியும் செல்லத்தாயும்

செல்லத்தாய் கீழக்குயில்குடிக்காரி. மதுரை தெற்குவாசல் பக்கம் எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். அத்தனைக்கும் வெள்ளையடிப்பது அவளும் அவளோடு நடந்து வரும் ஐந்து பெண்களும்தான். புருஷன் மலையாண்டி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடந்தபோது, அவனுடைய ஏணியை இவள் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பொம்பளை ஏணியில் ஏறினால் தெருவே அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். சிரிக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கட்டும், மேலேயிருந்து சுண்ணாம்பு சொட்டும் என்றாளாம் இவள்.

1936 வைகாசியில் எனக்குக் கல்யாணம். அதற்குப் பத்து நாள் முன்பு அந்தப் பதினெட்டு வீட்டு வேலையும் அவள் கையை விட்டுப் போக இருந்தது. காரணம் எங்கள் வீட்டுச் சன்னல்.

என் அப்பா முத்துக்கருப்பன் நெல் வியாபாரி. வீடு கட்டும்போது முன்னறையின் கிழக்குச் சன்னலுக்காகச் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று பன்னிரண்டு கண்ணாடிகளைத் தூத்துக்குடியில் வாங்கி, வைக்கோல் சுற்றி, ரயிலில் மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்தவர். பந்தக்கால் ஊன்ற இடம் பார்க்க வாசலில் நின்றவர் கண்ணில் அந்தச் சன்னல் பட்டது. பன்னிரண்டும் கண்புரை விழுந்த மாதிரி வெளுத்துக் கிடந்தன.

தையில் வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பு அது. எப்போதும் அப்படி ஆகாது. செல்லத்தாய் வெள்ளையடிக்கும் மட்டையைத் தொடுவதற்கு முன் எல்லாக் கண்ணாடியிலும் செம்மண்ணைக் குழைத்து அப்பிவிடுவாள். சுண்ணாம்பு மண்மேல் விழும். கடைசி நாள் கழுவினால் மண்ணோடு போய்விடும். அந்த வருஷமும் அப்பித்தான் இருந்தாள். ஆனால் வேலை பாதியில் இருக்கையில், மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலமே பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மண் அப்பிய சன்னலைப் பார்த்துவிட்டு அப்பா, “இதென்ன, இழவு வீடு மாதிரி?” என்று அம்மாவைச் சத்தம் போட்டுக் கழுவச் சொன்னார். நானும் அம்மாவும்தான் கழுவினோம். மறுநாள் இரண்டாம் பூச்சு வெறும் கண்ணாடிமேல் தெறித்தது. பிறகு ஈரத் துணியால் துடைக்கப்போய் அது பரவிக்கொண்டதுதான் மிச்சம். நாலு மாத வெயிலில் இறுகிவிட்டது.

தான் கழுவச் சொன்னது அப்பாவுக்கு ஞாபகமே இல்லை. வெள்ளையடித்தவளின் அலட்சியம் என்றார். பன்னிரண்டையும் மாற்றிவிட வேண்டியது, கல்யாண வெள்ளைக்குக் கொட்டாம்பட்டி ஆட்களைக் கூப்பிட வேண்டியது என்று பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டார். அம்மா ரெங்கம்மாளுக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் கூடிவரும் நேரத்தில் அப்பாவின் கோபத்தைக் கிளற எனக்குப் பயம். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்து, இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை.

கண்ணாடிக் கடை சிக்கந்தர் ராவுத்தர் அளவெடுக்க வந்த அன்று காலை, கூப்பிடாமலே செல்லத்தாயும் வந்து நின்றாள். கையில் ஒரு சட்டி நிறையப் புளிக்கரைசல். மாற்றுவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு அப்புறம் அளவெடுங்கள் என்று ராவுத்தரிடம் நேரே சொன்னாள். இங்கே உன்னை யார் கூப்பிட்டது என்று அப்பா கேட்டார்.

“ஏம் பேரச் சொல்லித் தெருப்பூராப் பேசியிருக்கீகளே அய்யா. அது கூப்பிட்டது மாதிரிதான்.”

ராவுத்தர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதுக் கண்ணாடி விற்க வந்தவர்தான். ஆனாலும் ஒரு மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகாது என்று அப்பாவிடம் அவரே சொன்னார். பாத்திரம் விளக்குகிற மாதிரிச் செங்கல் பொடி போட்டு மட்டும் தேய்க்காதே, கீறல் விழும் என்று அவளுக்கும் ஓர் எச்சரிக்கை.

“அண்ணே, சுண்ணாம்பு எங்க கையத் தின்னா புளித்தண்ணியத்தான் ஊத்துவோம். கண்ணாடி என்ன, ஏங் கையவிட ஒசத்தியா?”

துணியைப் புளிக்கரைசலில் நனைத்துச் சிவப்புக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வெற்றிலை போடும் நேரம் ஊறவிட்டாள். எடுத்துத் துடைத்தபோது பாதி வெள்ளை துணியோடு வந்தது. மறுபடி ஒட்டினாள். மூன்றாம் தடவை துடைத்ததும் தரையில் சிவப்பாக ஒரு சதுர வெயில் விழுந்தது. அப்பா குனிந்து, அந்த வெயிலுக்குள் காலை வைத்துப் பார்த்தார்.

வெயில் ஏறுவதற்குள் பத்துக் கண்ணாடிகள் தெளிந்துவிட்டன. கீழ்வரிசையில் இரண்டு நீலம் மட்டும் நாலைந்து தடவை ஒட்டியும் மங்கலாகவே நின்றன. ராவுத்தர் நகத்தால் தடவிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்தது எல்லாம் போய்விட்டது, இது சுண்ணாம்பு கண்ணாடியையே அரித்தது, இனி எதைப் போட்டாலும் திரும்பாது என்றார்.

அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த இரண்டும் யார் செய்த குற்றம் என்று கேட்டார். மண் பூசினாயா, இல்லையா?

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். செல்லத்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

“பூசினேன் அய்யா. மறுநா வந்து பாத்தா பளிச்சுன்னு கழுவிக் கெடக்கு. பொண்ணு பாக்க வாரவுக முன்னால மண்ணு அப்புன சன்னலயா காட்டுவாக? நானா இருந்தாலும் கழுவத்தான் சொல்லியிருப்பேன். ஆனா கழுவுனதப் பாத்த பெறகு நான் திரும்பப் பூசியிருக்கணும். பொழுது போச்சுன்னு விட்டுட்டேன். அம்புட்டுத்தான் ஏங் குத்தம். அதுக்கு மேல ஒரு சொட்டும் நான் ஏத்துக்க மாட்டேன்.”

கழுவச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. அம்மா பக்கம் பார்க்கவும் இல்லை. அப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பிறகு அம்மாவிடம், “நான்தானே கழுவச் சொன்னேன்?” என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்து அவர் ராவுத்தரை விட்டுவிட்டுச் செல்லத்தாயைக் கேட்டார், இந்த இரண்டையும் என்ன செய்யலாம் என்று. மாற்றிவிடுங்கள், தேறுவதைத்தான் கழுவலாம், தேறாததோடு மல்லுக்கட்டினால் பொழுதுதான் போகும் என்றாள். கடையில் இருக்கும் நீலம் கொஞ்சம் அடர்த்தி என்று ராவுத்தர் தயங்கினார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது என்று அதையும் அவளே முடித்துவைத்தாள்.

அப்பா வாசல் வரை வந்து, கல்யாண வெள்ளைக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார். பக்கத்து வீட்டு வாசலில் ஒச்சாயி அத்தை நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

செல்லத்தாய் காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கெழம வாரேன். மூணு நாளைக்கு எந்த மாப்ள வீட்டாரையும் வரச் சொல்லாதீக.”