தலையாட்டிய சாட்சியின் மகள்

தொழிலாளர் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்து தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீதிபதி பேசினால் நீதிபதியைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரின் கழுத்தைப் பார்க்கிறாள். இப்போது நிற்பவர் வேலை போன ஒரு காவலாளி.

"பாருங்க, அவருக்கு ஒரு வரி புரியல. ஆனா தலைய ஆட்டிட்டே இருக்காரு" என்று, அவளுடைய ஆசிரியரான என் பக்கம் சாய்ந்து முணுமுணுக்கிறாள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முதன்மைப் பாடம் வேதியியல். துணைப்பாடம், சட்டத்தைச் சமூக அமைப்பாக ஆராய்வது. அதைப் படித்தால் வக்கீல் ஆக முடியாது. சட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதல்ல, எப்படி நடக்கிறது என்பதுதான் பாடம். ஆய்வகத் தோழிகள் அவளை 'அரை வக்கீல்' என்கிறார்கள். "எங்க கேஸை எடுத்து நடத்துடி, பாதி ஃபீஸ் தரோம்." அவள் கோபப்படுவதில்லை. "பாதி கேஸ்தான் ஜெயிக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுக் குடுவையைக் கழுவப் போய்விடுகிறாள்.

சித்திக்குத்தான் ஆறவில்லை. "வக்கீலும் ஆக மாட்டே, அப்புறம் எதுக்குடி கோர்ட்டே கதின்னு கிடக்கறே?"

"அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு புரியணும் சித்தி."

அம்மா நூல் ஆலைத் தொழிலாளி. ஓடும் பெல்ட்டுக்கு மூடி போடச் சொல்லிக் கேட்டார். மறுநாள் ஆலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா வழக்குப் போட்டார்; அவர் தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்பது நிர்வாகத்தின் வாதம். அது நிரூபணமானால் வழக்கு முடிந்தது, வேலையும் திரும்பாது.

குறுக்கு விசாரணை நடந்த அன்று மகள் இதே பெஞ்சில் வகுப்போடு உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் கல்லூரித் துறையின் விதி. நிர்வாக வக்கீல் தேனாகக் குழைந்து கேட்டார்: "நீங்களாத்தாம்மா வேலைய விட்டீங்க?" அம்மா தலையாட்டினார். 'சாட்சி ஒப்புக்கொள்கிறார்' என்று பதிவாயிற்று.

ஆலைக்குள் இயந்திர இரைச்சலில் எந்தக் குரலும் எடுபடாது. மேஸ்திரி வாயசைத்தால் தொழிலாளி தலையாட்டுவார். 'காதில் விழுந்தது, மேலே சொல்' என்பதே அதற்குப் பொருள், சம்மதம் என்றல்ல. அங்கேயே காலம் தள்ளிய கழுத்து, அமைதியான அறையிலும் அப்படித்தான் அசையும். ஆயிரம் பக்கச் சட்டத்தை ஒரு கழுத்தசைவு தோற்கடிக்குமென்றால், அந்தச் சட்டம் யாருடைய கழுத்துக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது? தலையாட்டப் பழக்கியவர்களே அந்தத் தலையாட்டலைச் சாட்சியமாக்கிக்கொள்வதற்குப் பெயர் நீதியா?

இப்படிப் பொருமியதெல்லாம் நான்தான். அவள் அன்றே தொழிற்சங்க வக்கீலிடம் போய் இதை விளக்கினாள். அவர் மனுப் போட்டார். அந்த ஒரு கேள்வியை மட்டும் மீண்டும் கேட்க நீதிபதி அனுமதித்தார்.

வீட்டில் பயிற்சி நடந்தது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, உச்சந்தலையில் தன் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். "என்ன பதில் சொல்லணும்னு நான் சொல்லித் தர மாட்டேன். அது தப்பு. தலைய மட்டும் சும்மா வெச்சுக்கோ. இன்னிக்கு கறிக்கு உப்பு போட்டியா?"

அம்மாவின் தலை அசையும். கை உணரும்.

"ஆட்டிட்டே."

"போட்டேன்டி, அதான் ஆட்டினேன். கொஞ்ச நாள்ல என்னைப் பொம்மையாக்கிடுவே போல."

"பொம்மைதாம்மா ஆட்டும். நீ வாயால சொல்லு."

காவலாளி இறங்கிப் போகிறார். அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். நிர்வாக வக்கீல் எழுந்து, அதே குழைவோடு அதே கேள்வியைக் கேட்கிறார். அம்மாவின் மோவாய் கீழே இறங்கத் தொடங்குகிறது. பாதியில் நிற்கிறது. வலது கை மெல்ல எழுந்து அவருடைய உச்சந்தலைமேலேயே அமர்கிறது.

"என்னம்மா, தலைவலியா?" என்கிறார் வக்கீல். யாரோ சிரிக்கிறார்கள்.

கையை எடுக்காமலே அம்மா சொல்கிறார்: "இல்லீங்க. நானா விடல. வாசல்ல நிறுத்திட்டாங்க."

தட்டச்சு இயந்திரம் ஓடுகிறது. கடைசி பெஞ்சில் அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்தரத்தில் கவிந்து நின்றிருந்த தன் உள்ளங்கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள்.