முனீரா அக்காவின் செல்லாத ரன்

அழகப்பன் சாரை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

முனீரா அக்கா தினமும் சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கிலிருந்து தென்கோடி தஞ்சோங் பகாருக்கு ரயிலேறி வருபவர். எங்கள் கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பிரிவு. அலுவலக பேஸ்பால் அணிக்கு ஆள் குறைந்தபோது, ஐம்பது தாண்டிய வயதில், தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு தானாக வந்து நின்றார். மூன்று வருடம் ஆடியும் ஒரு ரன்கூட எடுத்ததில்லை. அடுத்த வாரம் முழங்காலில் ஆபரேஷன், அதன்பின் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றுதான் அவருக்குக் கடைசி ஆட்டம்.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆள் போனால் ஆட்டம் முடிந்தது. ஒரு ரன் எடுத்தால் சமன். மூன்றாவது பேஸில் அக்கா, முதலாவதில் எங்கள் மேனேஜர் அழகப்பன் சார், மட்டை என் கையில்.

"லீலா, நீ தரையோட அடி, போதும். நான் ஓடிடுவேன் லா," என்று அக்கா கத்தினார்.

அடித்தேன். பந்தைப் பிடிக்க எதிரணி தடுமாறியது. அக்கா காலை இழுத்து இழுத்து ஓடி, தொட்டால் ரன்னாகும் ஹோம் பிளேட்டை மிதித்தே விட்டார். இந்த மனிதரோ முதல் பேஸில் கையை உயர்த்தி, "நோ! நோ!" என்று என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் புத்தி! நான் ஓடி வந்தால் அவர் இடத்தைக் காலி செய்து இரண்டாவதுக்கு ஓடியே ஆகவேண்டும். வேறு வழியே கிடையாது. பந்து அவருக்கு முன் அங்கே போய்விட்டது. ஆளைத் தொடக்கூட வேண்டியதில்லை, அவுட்.

"அவங்க முன்னாடியே வந்துட்டாங்களே! இந்த ரன் உண்டு!" என்று நடுவரிடம் பாய்ந்தார். நடுவர் மறுத்துத் தலையசைத்தார். மூன்றாவது அவுட் இப்படி விழுந்தால், யார் எத்தனை சீக்கிரம் வந்திருந்தாலும் அந்த ரன் செல்லாது. தோற்றோம்.

"விடுங்க முனீரா, ஒரு ரன்தானே," என்றார் சார்.

அலுவலகத்தில் குரல் உயர்த்தியே அறியாத அக்காவின் முகம் சிவந்தது.

"ஒரு ரன்தானேவா? இந்தக் காலோட நான் ஓடினேன் சார். நல்ல காலை வச்சிக்கிட்டு நீங்க நின்னீங்க. போங்க, ஃபர்ஸ்ட் பேஸ்ல போய் நில்லுங்க."

அவர் அசடு வழியப் போய் நின்றார். அக்கா மூன்றாவதுக்கு நடந்தார். நான் பந்தில்லாமலே மட்டையை வீசினேன்.

"இப்ப ஓடுங்க!" என்று அக்கா அதட்டினார்.

சார் ஓடினார். அவர் இரண்டாவதைத் தொடும்வரை பார்த்து நின்றுவிட்டு, அக்கா நொண்டியபடி வந்து மறுபடியும் ஹோம் பிளேட்டை மிதித்தார். அதற்குள் ஸ்கோர் பலகையைக் கழற்றி வேனில் ஏற்றிவிட்டார்கள்.