பவுனு பொறுக்கிய கிளட்ச் பிளேட்டுகள்

சென்ற வாரம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் எங்கள் கார் நின்றது. பக்கத்தில் ஒருவர், இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர் தொங்கும் மோட்டார் சைக்கிளில், கிளட்சைப் பாதி பிடித்தபடி உறுமிக்கொண்டிருந்தார். கருகிய வெந்தயத்தோடு பழைய செருப்பையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அந்த வாடை. டிரைவர் கண்ணாடியை ஏற்றப் போனார். "இருக்கட்டும்ப்பா" என்றேன். பின்சீட்டில் இருந்த என் மனைவி பவுனு மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. "பிளேட்டு எரியுது. இன்னும் நாலு நாளு தாங்காது" என்றாள், நாடி பிடித்த டாக்டர் மாதிரி.

நீங்கள் நம்பமாட்டீர்கள். இன்று எனக்கு இருக்கும் லாரிகள், குடோன், மாடி வீடு எல்லாமே அந்த வாடையிலிருந்துதான் தொடங்கின. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் வேறு எதற்காகச் சொல்வது?

எங்களுக்குப் பூர்வீகம் வேலூர்ப் பக்கம்; அப்பா காலத்திலேயே இந்த நிஜாம் ஊருக்குப் பிழைக்க வந்துவிட்டோம். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு என்னையும் அங்கேயே சேர்த்துவிட ஆசை. எனக்கோ ஒரே கூரைக்குக் கீழே நாள் முழுக்க நிற்பது ஆகாது. ராணுவ ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எடுத்தேன். உதைத்தால் தெருவே எழுந்துகொள்ளும். காலையில் போவன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, திருமுல்கேரியில் ஒரு ராணுவ மெஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில். இரண்டு பக்கமும் மூட்டை, பின்னால் பவுனு, அவள் மடியில் கொத்தமல்லிக் கட்டு. மழை வந்தால் அவள் குடை பிடிப்பது கொத்தமல்லிக்கு, எனக்கு இல்லை.

அவ்வளவு சுமை இழுக்கவென்று அந்த வண்டியைச் செய்யவில்லை. மெஸ்ஸுக்குப் போகும் வழியில் ஓர் ஏற்றம்; அதில் கிளட்ச் வழுக்கும். என்ஜின் அலறும், சக்கரம் நகராது. மலிவான பிளேட்டுகளை வாங்கி மாட்டுவதும் கழற்றி எறிவதுமாக இருந்தேன். ஒரு வாரம் இரண்டு முறை மெஸ்ஸுக்குத் தாமதம். சமையல்கட்டுக்குப் பொறுப்பான சுபேதார் தஞ்சாவூர்க்காரர். கோபத்திலும் மரியாதை தப்பாது. "தம்பி, நாளைக்கும் நான் அடுப்பு பத்தவச்சதுக்கு அப்புறம் வந்தீங்கன்னா, கேட்லயே திருப்பி அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் நீங்க வரவே வேண்டாம்" என்றார். எங்களுக்கு அந்த மெஸ்ஸைத் தவிர வேறு வாடிக்கை கிடையாது.

அங்கிருந்து நேராக ராணிகஞ்சில் கரீம் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். ரப்பர், கிரீஸ், எதிர் ஓட்டல் இரானி சாயா, மூன்றும் கலந்து மணக்கும் கடை. எது கேட்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டியே எடுப்பார். "ரொம்ப நாள் உழைக்கிற மாதிரி கொடுங்க பாய்" என்றேன். ஒரு பெட்டியைத் தள்ளினார். நான் சட்டைப்பையில் கைவிட்டேன். பவுனு என் கையைத் தட்டிவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள்.

அவளுக்கு இயந்திரம் தெரியாது. காய் பொறுக்கத் தெரியும். மார்க்கெட்டில் அவள் ஒரு குவியலுக்கு முன்னால் குந்தினால் வியாபாரிக்கு முகம் வாடிவிடும். அந்தக் காலத்துக் கிளட்ச் பிளேட்டில் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். நல்ல தக்கை அமுங்கி மறுபடி எழும்பும். இது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அம்மா! யே வெண்டக்காய் நை, கிளட்ச் பிளேட்! எதுக்கு நகம் போட்றீங்க?" என்று எகிறினார் கரீம் பாய்.

"ஹவ் பாய், ஆமா, தெரியும். வெண்டக்கா முத்திப்போனா மாட்டுக்காவது போடலாம். இது போச்சுன்னா நாங்க இன்னா பண்றது? நாளைக்கு லேட்டானா மெஸ்ஸு கேட்லயே துரத்திடுவாங்க. பொழப்பே இதுல கீது."

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "எவ்ளோ லோடு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பவுனு, "பூசணி, வெங்காயம், உருளை. அது மேல நான்" என்றாள். சிரித்துவிட்டார். பிரித்த பெட்டியை மூடி, "யே நக்கோ, இது வேணாம்" என்று ஓரமாகத் தள்ளினார்.

அதன் பிறகு இருவரும் ஒரு கட்சி. அவள் தக்கையை அழுத்த, அவர் தக்கை பிளேட்டுகளுக்கு நடுவே வரும் இரும்பு பிளேட்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்துக் குனிந்து பார்த்தார். அடியில் வெளிச்சம் கசிந்தால் கோணல், "நக்கோ". பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளைப் பீன்ஸ் மாதிரி அவள் வரிசையாக நிறுத்தினாள். ஒன்று குட்டையாக இருந்தது. குட்டை ஒன்று இருந்தாலும் பிளேட் ஒரு பக்கமாகவே தேயும் என்று சொல்லி அவரே அதை எடுத்து எறிந்தார். நானும் சும்மா இருக்க முடியாமல் இருப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினேன்.

"அரே, கிளட்ச் பிடிச்சா கை வலிக்கும் அண்ணா. வலிச்சா பாதி பாதியா பிடிப்பீங்க. பாதி பிடிச்சா எந்த பிளேட்டும் எரியும். நக்கோ."

"அவருக்கு எல்லாமே முரட்டுத்தனமாத்தான் வேணும் பாய்" என்றாள் பவுனு.

பல பெட்டிகளிலிருந்து பொறுக்கி ஒரே ஒரு செட் சேர்ந்தது. உடைத்த பெட்டிகளை இனி யார் தலையில் கட்டுவார் என்று எனக்குத்தான் கவலை; அவர் முகத்தில் அது இல்லை. "சாயங்காலம் வரைக்கும் ஆயில்ல ஊறட்டும். காஞ்சதை மாட்டினா நாளைக்கே வந்து என்னைத்தான் திட்டுவீங்க" என்று மட்டும் எச்சரித்தார். பவுனு இட்லிக்கு அரிசி ஊறவைக்கும் குண்டானிலேயே பிளேட்டுகளை ஊறவைத்தாள். மாட்டியது நான். அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

மறுநாள் அந்த ஏற்றத்தில் என் வாய் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் கியர். பிளேட்டுகள் பற்றிக்கொண்டன. அலறல் இல்லை, வாடை இல்லை. வண்டி மூட்டைகளோடும் பவுனுவோடும் ஏறியது. "ஏறிட்டோமா?" என்றாள். "ஏறிட்டோம்" என்றேன். சுபேதார் அப்போதுதான் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். "என்னம்மா, புது வண்டியா?" என்றார். "பழசுதாங்க ஐயா. வயித்துக்குள்ள மட்டும் புதுசு" என்றாள். அந்த மெஸ்ஸிலிருந்து இன்னொரு மெஸ், அதிலிருந்து முதல் லாரி.

கரீம் பாய் இப்போது இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். லாரிக்குச் சாமான் வாங்க இன்றும் நானும் பவுனுவும்தான் போகிறோம். எதைக் கேட்டாலும், "பெஸ்ட் சார், எடுத்துக்குங்க" என்கிறார்கள். எனக்கு நாற்காலி உண்டு, டீ உண்டு, மரியாதை உண்டு. தன் சரக்கையே எடுத்து ஓரமாகத் தள்ளி, இது உங்களுக்கு ஆகாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.