பிளானோவில் நான் ட்ரூயிட் பூசாரியாக இருந்தபோது

பூசாரி வேஷம் போடுகிறவனுக்கு முதல் தகுதி, தாடி அரித்தாலும் சொறியாமல் நிற்பது. காஸ்ட்யூமுக்குள் வியர்த்து வேலை பார்த்த சகபாவிகளுக்கு இது புரியும். 2004 அக்டோபரில், பத்தாம் கிளாஸ் படிக்கும்போது, எங்கள் அமெரிக்க ஊரான பிளானோவின் லைப்ரரி நடத்திய, அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்ட் மக்கள் கண்காட்சியில் நான்தான் அவர்களுடைய பூசாரி, ட்ரூயிட். ஒரு சின்னப் பெண்ணின் ஹாலோவீன் என் நாக்கில் தொங்கிய கதை இது. சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் உடனே கிடையாது. நான் இரண்டு மணி நேரம் அடக்கினேன், நீங்களும் கொஞ்சம் அடக்குங்கள்.

மனப்பாடம்

ட்ரூயிட்கள் சாமி விஷயம் எதையும் எழுதி வைக்க மாட்டார்கள். இருபது வருஷம்கூட உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்களாம். எனக்குக் கிடைத்தது ஒரு வாரம். அயர்லாந்துக் கிழவர் குரல் அரை நாளில் வந்துவிட்டது, வசனம் வரவில்லை. ஒரு துண்டுச்சீட்டு வைத்துக்கொள்ளட்டுமா என்று லைப்ரேரியன் நான்சியிடம், அவருடைய குரலையே மிமிக்ரி செய்து கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சீட்டு வெச்சிருந்தா நீ ட்ரூயிட் இல்ல கண்ணா, என்னை மாதிரி லைப்ரேரியன்."

வளைந்த வாள்

கெல்ட்கள் நல்ல வாளை வளைத்து, இனி யாருக்கும் உதவாதபடி ஆக்கி, ஏரியில் போட்டுவிடுவார்கள். அது சாமிக்குக் காணிக்கை. பிளாஸ்டிக் குளத்தின் முன்னால் நின்று இதை உருக்கமாகச் சொன்னேன். கவ்பாய் தொப்பி போட்ட ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் என் துப்பாக்கியை வளைச்சு ஏரியில போட்டா, அடுத்து என் பொண்டாட்டி என்னைத் தூக்கிப் போடுவா."

ஜோசப் அங்கிள்

என் அப்பா குமாரோடு வேலை பார்க்கும் ஜோசப் அங்கிள், மகள் ஷீலாவோடு வந்தார். ஷீலா நாலாம் கிளாஸ். பேய் வேஷம் போட்டு, ஸ்கூல் ஹாலோவீன் ஊர்வலத்தில் போக வேண்டும். அது பேய் வழிபாடு என்று அங்கிளுக்குச் சந்தேகம். வாரா வாரம் எங்கள் வீட்டில் காபி குடிப்பவர், என்னைப் பார்த்து, "சார், பீ ஆனஸ்ட்" என்றார்.

நான் இருமினேன். ஹாலோவீன் கெல்ட்களிடமிருந்து வந்தது, குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள், அவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பார்கள், பயமுறுத்த அல்ல, வரவேற்கத்தான் என்று கிழட்டு இங்கிலீஷில் சொன்னேன். அங்கிள் முகம் இளகியது. கிழவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் மகளிடம் தமிழில் சொன்னார்:

"நம்ம கல்லறைத் திருநாள் மாதிரியே இருக்குடி. ஆனா இந்தத் தாத்தாவுக்குக் குளிச்சு ஒரு மாசம் இருக்கும்."

நோட்டு

"ஸோ கேன் ஐ கோ, அப்பா?" என்று ஷீலா குதித்ததில், அவள் கையிலிருந்த நோட்டு நழுவி என் கால்மேல் விழுந்தது. நான் குனிந்தேன். நோட்டைத் தொட்டேன். தொட்ட விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

"அயர்லாந்துல இது எப்போ ஆரம்பிச்சாங்க?" என்றார் அங்கிள் மெதுவாக. பிறகு கிட்டே வந்து பார்த்தார். "டேய்! குமார் பையனாடா நீ?"

ஷீலா என்னைப் பார்க்கவில்லை. "அப்பா, கேன் ஐ ஸ்டில் கோ?"

"போய்ட்டு வா கண்ணு. செத்தவங்களைப் பத்தி இவன் சரியாத்தான் சொல்றான். உயிரோட இருக்கற இவனைப் பத்தி நான் இவங்க அப்பாகிட்ட பேசிக்கறேன்."

யார் குரலை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம், கை மட்டும் வீட்டில் வளர்ந்தபடியே இருக்கிறது.